எள்ளோரை மேல் விழுந்த பழி

அடுத்த வீட்டு வேதாந்தம் மாமாவுக்குக் கவலைப்படக் காரணம் என்று தனியாக எதுவும் வேண்டியதில்லை. தெப்பக்குளத்துப் பக்கம் ஒரு வக்கீல் ஆபீசில் டைப் அடிக்கிற உத்தியோகம். ஸ்ரீரங்கத்திலிருந்து தினமும் ரயிலில் போய் வருவார். காலையில் கதவைச் சாத்திக்கொண்டு தெருக்கோடி வரை போய்விட்டுத் திரும்பி வருவார், கதவு சாத்தித்தான் இருக்கிறதா என்று பார்க்க. உள்ளேயிருந்து செண்பகவல்லி மாமி குரல் கொடுப்பாள்.

"நான்தான் ஆத்துல இருக்கேனே. யார் வந்து என்னத்தைத் தூக்கிண்டு போகப்போறா?"

"நீ இருக்கியான்னுதான் பார்க்க வந்தேன்."

அவர் வாயைத் திறந்தால் முதலில் விழுகிற வார்த்தை "ஒருவேளை". அதைச் சொல்லும்போது ஆள்காட்டி விரல் மூக்குத்தண்டைத் தடவும். குரல், மாவு மெஷினை நிறுத்தினால் இறங்குமே, அந்த மாதிரி இறங்கும். "ஒருவேளை… ரயில் முன்னாடியே போயிருந்தா?" ரயில் கண்ணெதிரே புகைவிட்டுக்கொண்டு நிற்கும்போதே கேட்பார். எங்கள் தெருவில் யார் வேண்டுமானாலும் இதைப் பேசிக் காட்டுவார்கள். எனக்குக் கொஞ்சம் கூடுதலாக வரும், அவ்வளவுதான்.

அப்பேர்ப்பட்டவருக்குக் கொல்லையில் ஒரு குட்டை இருந்தது. மாட்டுவண்டி ஒன்றை இறக்கி நிறுத்துகிற அளவு அகலம். ஆற்றுக்கு நடுவே இருக்கிற ஊர் என்பதால் கொஞ்சம் தோண்டினாலே ஊற்று வந்துவிடும். கோடையிலும் முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும். சுற்றிலும் திருத்துழாய்ப் பாத்திகள். துளசியை அந்த வீட்டில் துளசி என்று சொல்லிவிட முடியாது. மாமாவின் தகப்பனார் காலத்திலிருந்து தினமும் ஒரு கூடை பறித்து, மாலையாகத் தொடுத்துக் கோயிலுக்குக் கொடுப்பது அவர்கள் கைங்கரியம். கிணற்றுத் தண்ணீர் கோடையில் தளிகை சமைக்கவும் குளிக்கவும்தான் காணும். செடிகளுக்குக் குட்டையை விட்டால் வேறு கதியில்லை. குட்டை கெட்டால் செடி போகும். செடி போனால் மாலை நிற்கும். மாமாவின் ஆயிரம் கவலைகளில் இது ஒன்றுதான் நியாயமான கவலை.

மேட்டூரில் அணை கட்டிய பிறகு வந்த ஒரு பங்குனியில் ஊரில் குளிர்ஜுரம் பரவியது. முனிசிபாலிடியிலிருந்து கொசு மேஸ்திரி வீடு வீடாக வந்தார். பாலக்கரை இன்னாசிராஜ். சைக்கிளின் பின்னால் கறுப்பு எண்ணெய் டின், கையில் வெள்ளை எனாமல் கரண்டி. நிதானமான மனுஷர். ஒரு வார்த்தையை வைத்து, அது நகராமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அடுத்த வார்த்தையை வைப்பார். கரண்டியைக் குட்டையில் முக்கி எடுத்து மாமாவின் மூக்குக்கு நேரே நீட்டினார்.

"சாமி. இதப் பாருங்க. கூத்தாடி."

வெள்ளைக் கரண்டியில் கொசுப்புழுக்கள் நெளிந்து நெளிந்து ஆடிக்கொண்டிருந்தன.

"இன்ஸ்பெக்டர்வாள்…"

"நான் மேஸ்திரிங்க சாமி."

"மேஸ்திரிவாள், இதுக்கு என்ன பண்ணணும்?"

"எண்ணெய் ஊத்தணும். தண்ணி மேல ஏடு மாதிரி நிக்கும். கூத்தாடி மூச்சு முட்டிச் செத்துரும்."

"அந்தத் தண்ணியைத் திருத்துழாய்க்கு விடலாமோ?"

இன்னாசிராஜ் சிரிக்கவில்லை. "மண்ணெண்ணெய் கலந்ததுங்க. செடிக்கு ஆகாது."

மாமா அங்கேயே ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். ஒருவேளை மாலை நின்றுபோனால், ஒருவேளை அப்பாவின் ஆத்மா கேட்டால், ஒருவேளை கோயிலில் வேறு யாராவது இதுதான் சமயம் என்று கைங்கரியத்தை வாங்கிக்கொண்டால். இன்னாசிராஜ் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "வேற ஒரு வழி இருக்குங்க. மீன் விடலாம்," என்றார்.

அய்யங்கார் வீட்டுக் கொல்லையில் மீன். மாமா மாமியைப் பார்த்தார். மாமி சேலைத் தலைப்பை இழுத்துக்கொண்டு ஒரு கணம் யோசித்தாள்.

"மச்சாவதாரம்தானேன்னா. நாம என்ன தளிகையா பண்ணப்போறோம். விட்டுக்கலாம்."

இரண்டு நாள் கழித்து உய்யக்கொண்டான் வாய்க்காலில் பிடித்த சின்ன மீன்களை ஒரு மண்கலயத்தில் கொண்டுவந்து கொட்டினார் இன்னாசிராஜ். விரல் நீளம்கூட இல்லை. முண்டக்கண்ணி என்று பேர் சொன்னார். தண்ணீரின் மேல்மட்டத்திலேயே மிதந்துகொண்டு, கூத்தாடி தலைகாட்டினால் லபக்கென்று பிடிக்கிற ஜாதி. ஒவ்வொன்றுக்கும் உச்சந்தலையில் வெள்ளியில் ஒரு பொட்டு.

"நெத்தியில திருமண் மாதிரின்னா மின்னறது," என்றாள் மாமி.

வேலிக்கு இந்தப் பக்கம் நின்ற என் அப்பா சௌரிராஜன் சும்மா இருப்பாரா? "ஓய் வேதாந்தம், வடகலையா தென்கலையான்னு முதல்லயே கேட்டுண்டு விடும். அப்புறம் குட்டைக்குள்ள கோஷ்டி சேர்ந்துண்டு கோர்ட்டுக்குப் போகப்போறதுகள்."

"சௌரி, நீர் சும்மா இரும். அதுகளே புது இடம்னு பயந்துண்டு இருக்கு."

கிளம்பும்போது இன்னாசிராஜ் சொன்னார். "சாமி, திங்கக்கிழமை திங்கக்கிழமை வருவேன். கரண்டியில கூத்தாடி வராத வரைக்கும் எண்ணெய் கிடையாது. வந்துச்சுன்னா ஊத்தித்தான் ஆகணும். என் மேல வருத்தப்படக் கூடாது. அப்புறம் இன்னொண்ணு. சித்திரை பொறந்தா வாய்க்கால்ல தண்ணிய நிறுத்திருவாங்க. மீன் செத்தா மாத்து மீன் கிடைக்காது. ஆனி வரைக்கும் இதை வச்சுத்தான் ஓட்டணும்."

இதைச் சொல்லாமலே போயிருக்கலாம். அன்றிலிருந்து மாமாவுக்குத் தூக்கம் போயிற்று.

கோர்ட்டுக்குக் கோடை லீவு வந்து ஆபீசில் வேலை இல்லாமல் போனது இன்னும் மோசம். பொழுது விடிந்தால் குட்டையடியில் நிற்பார். குழந்தைக்கு வெந்நீர்ப் பதம் பார்க்கிற மாதிரி முழங்கையைத் தண்ணீரில் விட்டுப் பார்ப்பார். வெயில் ஏறினால் தென்னங்கீற்று முடைந்து பந்தல் போட்டார். பந்தல் போட்டதும், ஒருவேளை வெளிச்சம் போதவில்லையோ என்று ஒரு கீற்றை எடுத்தார். எடுத்த இடத்தில் மீன்கொத்தி வந்து உட்கார்ந்தது. கீற்றைத் திரும்பப் போட்டார். இருந்தாலும், சொல்லக் கூடாது, திங்கட்கிழமை இன்னாசிராஜ் கரண்டியை முக்கினால் தெளிந்த தண்ணீர்தான் வந்தது. மாமா ஒவ்வொரு தடவையும் கண்ணை மூடிக்கொண்டு, "சொல்லும், சொல்லும்," என்பார். "சுத்தமுங்க," என்பார் இன்னாசிராஜ்.

சித்திரையில் காவேரி மணலாய்க் கிடந்தது. ஆற்றங்கரைக் குளியல் நின்று எல்லோரும் வீட்டுக் கிணற்றடிக்கு வந்தார்கள். குட்டையிலும் தண்ணீர் ஒரு சாண் இறங்கியது. மாமா அளந்து பார்த்தார், மறுநாளும் அளந்து பார்த்தார். பிறகு ஒரு மண்வெட்டியை எடுத்தார். கிணற்றடித் துவைகல்லிலிருந்து வழிகிற தண்ணீர் அதுவரை வாழைக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த வாய்க்காலை மடக்கி, குட்டைக்குத் திருப்பிவிட்டார். தண்ணீரும் வீணாகாது, மீன்களுக்கும் புதுத்தண்ணீர். வாழ்க்கையில் முதல் தடவையாக "ஒருவேளை" போடாமல் ஒரு காரியம் செய்தார். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டுக்கூடப் போனார்.

அந்தச் சனிக்கிழமைதான் ஆரம்பித்தது.

எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே குட்டையைப் பார்க்கப் போனவர், "செண்பகம்," என்று கூப்பிட்ட குரல் எங்கள் வீட்டுச் சமையலறை வரை கேட்டது. மீன்களெல்லாம் எதிர்மூலையில் ஒண்டிக்கொண்டு, வாயை மேலே நீட்டிக் காற்றை விழுங்கிக்கொண்டிருந்தன. இரண்டு மல்லாந்து கிடந்தன. சாயங்காலத்துக்குள் மற்றவை தேறிவிட்டன. வெயில்தான் என்றாள் மாமி. மாமா இன்னொரு வரிசைக் கீற்று போட்டார்.

அடுத்த சனிக்கிழமையும் அதேபோல. இந்த முறை ஐந்தாறு செத்தன.

இரண்டும் சனிக்கிழமை என்பது மாமாவுக்குத் தைத்துவிட்டது. சனிக்கிழமை மட்டும் வீட்டில் என்ன நடக்கிறது? தாழ்வாரத்தில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து யோசித்தார். சனிக்கிழமை பெருமாளுக்கு எள்ளோரைதான் அம்சை, அதாவது படையல். மாமி எள்ளை வறுத்து, மிளகாய் சேர்த்து இடித்து, நல்லெண்ணெய் விட்டுச் சாதத்தில் கலந்து நிவேதனம் பண்ணுவாள். அதில் ஒரு பிடி, மச்சாவதாரத்துக்கு என்று குட்டையில் போடுவாள்.

"உன் எள்ளோரைதான்," என்றார் மாமா.

"என் எள்ளோரையிலே என்ன?"

"எண்ணெய். மிளகாய். நமக்கே கண்ணுல தண்ணி வரது. அதுகளுக்கு எத்தனூண்டு வயிறு."

"இருபது வருஷமா பெருமாளே ஒண்ணும் சொல்லலை. இந்த மீனுக்குக் காரமாயிடுத்தா?"

மூன்றாவது சனிக்கிழமை ஏகாதசியாக வாய்த்தது. வீட்டில் சாதமே வடிக்கவில்லை, எள்ளோரையும் கிடையாது. மாமா நிர்ஜலமாக, குட்டைக்கு எதிரே உட்கார்ந்து காலையிலிருந்து பார்த்தார். மீன்கள் ஜோராக நீந்தின. ஒன்றுகூட வாயைத் தூக்கவில்லை. மத்தியானம் அப்பாவிடம் வந்து வேலிமேல் கைவைத்துக்கொண்டு, பசிமயக்கத்தில், ஒரு பெரிய கேஸை ஜெயித்த வக்கீல் மாதிரி சொன்னார்.

"சௌரி, நிரூபணம் ஆயிடுத்து. எள்ளோரைதான் குற்றவாளி."

ஏகாதசியன்று எண்ணெய் தேய்த்துக்கொள்ளக் கூடாது, அதனால் அன்று அவரும் எண்ணெய்க் குளியல் குளிக்கவில்லை. இது யாருக்கும் தோன்றவில்லை. தோன்றுவதற்கு அதில் என்ன இருக்கிறது?

மாமிக்கு மனசு விட்டுப்போயிற்று. எள்ளோரையை மட்டுமில்லை, எந்தப் பருக்கையையும் குட்டைப் பக்கம் கொண்டுபோவதை நிறுத்திவிட்டாள். "அதுகளும் தினம் ஏகாதசி இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் மாமாவோடு சரியாகப் பேசவில்லை. குட்டையில் மீன் குறைந்ததும் கூத்தாடி கண்ணில் படத் தொடங்கியது. அந்தத் திங்களன்று இன்னாசிராஜ் கரண்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு வழக்கத்தைவிட நேரம் எடுத்துக்கொண்டார்.

"ஒண்ணு தென்படுதுங்க. இந்த வாட்டி நான் பாக்கலை. அடுத்த திங்க அப்படிச் சொல்ல முடியாது சாமி. மேல ஆபீசர் கூட வர்றாருன்னு பேச்சு."

அடுத்த சனிக்கிழமை மாமா மிகவும் தெம்பாக எண்ணெய் தேய்த்துக்கொண்டார். எள்ளோரை கிடையாது, பருக்கை கிடையாது, பயமில்லை. ஈரிழைத் துண்டைக் கட்டிக்கொண்டு துவைகல்லில் உட்கார்ந்து, கிண்ணம் நிறையப் பொடியைக் கரைத்துத் தலையில் அப்பினார். அவர்கள் வீட்டுப் பொடி எங்கள் தெருவிலேயே உக்கிரமானது. சீயக்காயோடு இலுப்பைப் புண்ணாக்கையும் சேர்த்து இடித்தது. எண்ணெய்ப் பிசுக்கு ஒரு தேய்ப்பில் ஓடிவிடும் என்பார். மாமி அதைத் தொடமாட்டாள், வெள்ளிக்கிழமை அவளுக்குப் பயத்தமாவுதான். அன்றைக்குக் கை நழுவி ஒரு கொத்து கண்ணில் விழுந்தது.

கண் தீயாய் எரிந்தது. வாளியைத் தடவினார், காலி. கயிற்றைப் பிடித்து இறைக்கப் பொறுமையில்லை. ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு, தட்டுத் தடுமாறிக் குட்டைக்கு ஓடினார். இரண்டு கையால் தண்ணீரை அள்ளி முகத்தில் அடித்தார். இன்னும் எரிந்தது. மறுபடி அள்ளினார். எரிச்சல் கூடியது. அந்த ஒற்றைக் கண்ணால் அப்போதுதான் பார்த்தார்.

வாய்க்கால் வந்து குட்டையில் சேருகிற இடத்தில் பழுப்பு நுரை. அவர் தலையிலிருந்து இறங்கிய நுரை. அது மெதுவாகப் பரவிக்கொண்டு வந்தது. நுரைக்கு முன்னால், துரத்தப்பட்ட மாதிரி, மீன்கள் எதிர்மூலைக்கு ஓடிக்கொண்டிருந்தன. பின்தங்கிய ஒன்று நுரைக்குள் அகப்பட்டு, சுற்றிச் சுற்றி வந்து, பக்கவாட்டில் சாய்ந்தது.

"நான்தான்," என்றார் மாமா. பக்கத்தில் யாரும் இல்லை. "நான்தான் கொன்னுண்டு இருந்திருக்கேன்."

காலாலேயே மண்ணைத் தள்ளி வாய்க்காலை அடைத்தார். பிறகு கத்தினார். "செண்பகம், ஏதாவது பாத்திரம் கொண்டா. பெரிசா. நல்ல தண்ணியோட."

மாமி ஓடிவந்தவள் கையில் இருந்தது பெருமாளுக்குத் தீர்த்தம் பிடித்துவைக்கிற பித்தளை அண்டா.

"அது பெருமாளோடதுடி."

"தவலையிலே மோர் இருக்கு. குண்டானிலே பருப்பு இருக்கு. உங்களுக்கு எது வேணும், சொல்லுங்கோ."

கொடியில் மடியாக உலர்த்தியிருந்த வேஷ்டியை உருவிக்கொண்டு மாமா குட்டைக்குள் இறங்கினார். உடம்பெல்லாம் எண்ணெய், தலையெல்லாம் சீயக்காய், ஒரு கண் மூடி. வேஷ்டியின் ஒரு முனையை மாமி பிடித்துக்கொண்டாள். எங்கள் அப்பா சத்தம் கேட்டு வேலியருகே வந்தார். பரிகாசமாக ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மாமாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, பேசாமல் படலைத் தள்ளிக்கொண்டு போய் அவரும் இறங்கினார். அய்யங்கார்கள் இரண்டு பேர் மடி வேஷ்டியால் மீன் பிடித்ததை அந்தத் தெரு அதற்கு முன் பார்த்திருக்காது.

தேறியது பதினாலோ பதினஞ்சோ. அண்டாவின் விளிம்பில் கன்னத்தை வைத்துக்கொண்டு மாமா எண்ணிப் பார்த்ததில் ஒவ்வொரு தடவையும் வேறு கணக்கு வந்தது. செத்தவற்றை மாமி வாழை இலையில் வாரிக்கொண்டுபோய் வாழைக்கடியில் புதைத்தாள். பிறகுதான் மாமா போய் வெறும் தண்ணீரில் குளித்தார். தலையில் பாதி எண்ணெய் அப்படியே இருந்தது.

"ஏன்னா," என்றாள் மாமி, துவட்டிக்கொண்டிருந்தவரிடம். "எள்ளோரை?"

மாமா தலைகுனிந்தார். "தப்பா சொல்லிட்டேன்."

"அதை நன்னா சத்தமா சொல்லுங்கோ. சௌரி மாமாவுக்குக் கேக்கட்டும்."

ஆனால் திங்கட்கிழமைக்கு இன்னும் ஒரு நாள்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் மாமாவும் குட்டையை அடிவரை இறைத்தார்கள். அந்தத் தண்ணீரைத் திருத்துழாய்க்குக் காட்டக் கூடாது என்று ஒவ்வொரு வாளியையும் வேலியோரத் தென்னைக்கே சுமந்தார்கள். தண்ணீரோடு கூத்தாடியும் பெரும்பாலும் போயிற்று. இருட்டுகிற நேரத்தில் அடிமணலில் அங்கங்கே ஊற்று கண்திறந்து, கலங்கலாக, மெள்ள மெள்ள ஊறியது.

"ராத்திரியே மீனை விட்டுடும். காலையில வந்து பார்த்தா குட்டையில மீன் இருக்கணும் இல்லையா?" என்றார் அப்பா.

"ஒருவேளை… மண்ணுல சீயக்காய் ஊறியிருந்தா?"

"இறைச்சாச்சே ஓய்."

"மேல இருந்ததை இறைச்சோம். உள்ள இருக்கறதை யார் கண்டா? இருக்கறது இவ்வளவுதான் சௌரி. இதையும் கொன்னுட்டேன்னா ஆனி வரைக்கும் ஒண்ணும் கிடையாது."

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்பா அதற்கு மேல் வற்புறுத்தவில்லை.

திங்கட்கிழமை காலை. குட்டையில் முழங்கால் அளவுக்குத் தெளிந்த தண்ணீர். மாமா அண்டாவுக்கும் குட்டைக்கும் நடுவே நின்றுகொண்டிருந்தார். விடலாமா, இன்னும் கொஞ்சம் ஊறட்டுமா. முழங்கையை விட்டுப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். ஒரு சொட்டு கண்ணில் விட்டுக்கொண்டு எரிகிறதா என்று பார்த்தார். அன்று பொடி விழுந்த கண் இன்னும் எரிந்துகொண்டிருந்ததால் எரிவது எது என்று தெரியவில்லை. அப்படியிருக்கும்போதே வாசலில் சைக்கிள் மணி.

இன்னாசிராஜ் கொல்லைக்கு வந்தார். தென்னையடி ஈரத்தையும், அடைத்த வாய்க்காலையும், அண்டாவையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் குந்தி உட்கார்ந்து கரண்டியை முக்கினார். வெயிலில் சாய்த்துப் பார்த்தார்.

"ரெண்டு கெடக்குங்க சாமி."

"நேத்திக்கு முழுக்க இறைச்சோம், இன்ஸ்பெக்டர்வாள்."

"தெரியுதுங்க. மூலையில நின்ன தண்ணியில இருந்திருக்கும்." எழுந்து சைக்கிள் பக்கம் திரும்பினார். "ஆபீசர் தெருமுனையில நிக்கிறாருங்க. கூத்தாடி இருந்தா எண்ணெய் ஊத்துனதுக்கு அடையாளம் பாப்பாரு."

மாமாவின் விரல்கூட மூக்குக்குப் போகவில்லை. மாமிதான் முன்னால் வந்தாள்.

"மேஸ்திரி, உங்க மீன் அண்டாவிலே இருக்கு. சனிக்கிழமையிலேர்ந்து வாயிலே ஒண்ணும் போடலை. இப்ப விட்டா சாப்பிடுமா சாப்பிடாதா?"

"சாப்பிடும். ஆனா ஏம்மா அண்டாவுல…"

மாமி சொன்னாள். எண்ணெய்க் குளியல், பொடி, வாய்க்கால், எள்ளோரை எல்லாம் சொன்னாள். எள்ளோரையைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னாள். இன்னாசிராஜ் முகம் முதல் தடவையாக மாறியது.

"இலுப்பைப் புண்ணாக்கா? அட சாமி. லால்குடிப் பக்கம் எங்க மாமன் குட்டையில மீன் பிடிக்கறதுக்கு அதைத்தான் கரைச்சு விடுவாரு. மயங்கி மேல வந்துரும்."

"இதை முன்னாடியே சொல்லப்படாதோ?" என்றார் மாமா, பாவமாக.

"நீங்க தலைக்குத் தேச்சு அதை மீனு மேல விடுவீங்கன்னு நான் என்னத்தக் கண்டேன்."

இன்னாசிராஜ் தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "பக்கத்துல நாலு வீடு பாத்துட்டு வரேன். அதுக்குள்ள விட்டுருங்க. வந்து இன்னொரு வாட்டி முக்குவேன். அதுல எது வருதோ அதான்."

அவர் போனார். மாமா அண்டாவை நெருங்கினார்.

"எல்லாத்தையும் ஒண்ணா விடப்படாது. முதல்ல ஒண்ணு. அது பிழைச்சா மத்ததுகள்."

"சரி, எதை?"

மாமா அண்டாவுக்குள் பார்த்தார். பெரிசைப் பார்த்தார், சிறிசைப் பார்த்தார். எதைக் கொலைக்களத்துக்கு அனுப்புவது? அவரால் முடியவில்லை என்பதை மாமி பார்த்தாள். தானே சொம்பை விட்டு, வாலில் ஒரு ஓரம் பிய்ந்திருந்த ஒன்றை மொண்டாள். "நீ போடா கண்ணு," என்று சொல்லிக் குட்டையில் சாய்த்தாள்.

அது ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு வாலை ஒரு வெட்டு வெட்டி அடியில் போய் மறைந்தது. வாயைத் தூக்கிக்கொண்டு மேலே வருமா என்று மூன்று பேரும் பார்த்தார்கள். அப்பாவும் வேலியைத் தாண்டி வந்திருந்தார். வந்தது. ஆனால் காற்றுக்கு அல்ல. மூலையில் நெளிந்துகொண்டிருந்த ஒரு கூத்தாடியைக் கவ்விக்கொண்டு திரும்பியது.

"விடுடி," என்றார் மாமா. "எல்லாத்தையும் விடு. சீக்கிரம்."

அண்டா முழுவதும் குட்டைக்குள் போயிற்று. வெள்ளிப் பொட்டுகள் மேல்மட்டத்தில் கலைந்து, கூடி, மூலை மூலையாகப் போயின. மாமா குட்டையை வலம் வந்தார். எந்த மூலையில் எது நெளிகிறதோ அங்கே விரலைத் தண்ணீருக்கு மேல் நீட்டி, "இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு இருக்கு பாரு," என்று பந்தியில் பரிமாறச் சொல்கிறவர் மாதிரி கெஞ்சினார். ஒரு மீன் அந்தப் பக்கம் வந்தால் நகர்ந்துகொள்வார், வராவிட்டால் அங்கேயே குந்தியிருப்பார்.

இன்னாசிராஜ் திரும்பி வந்தபோது மாமா கண்ணை மூடிக்கொண்டார். கரண்டி தண்ணீரில் இறங்குகிற சத்தம். எழுந்து வேறு மூலைக்குப் போகிற காலடிச் சத்தம். மறுபடி முக்குகிற சத்தம். மூன்றாவது மூலை.

"சொல்லும்," என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல். "சொல்லும், சொல்லும்."

"சுத்தமுங்க."

எண்ணெய் டின்னோடு சைக்கிள் வாசலில் இறங்கித் தெருவில் உருண்டு போகிற சத்தம் கேட்கிறவரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. பிறகு வாய்க்காலைப் பழையபடி வாழைக்கே வெட்டிவிட்டார். அன்று சாயங்காலம் திருத்துழாய்க்கு ஊற்றக் குடத்தை எடுத்தார். குட்டையில் மொண்டு தூக்கியவர், பாத்திக்குப் போகாமல் நின்று, குடத்துக்குள் எட்டிப் பார்த்தார்.

"என்னன்னா பார்க்கறேள்?" என்றாள் மாமி.

"ஒருவேளை… ஒண்ணு உள்ள வந்திருந்தா?"

அவர் திருத்துழாய்க்கு ஊற்றிய எந்தக் குடமும் அதற்குப் பிறகு நேராகச் செடிக்குப் போனதில்லை. மொள்ளுவார், எட்டிப் பார்ப்பார், கையை விட்டு ஒரு தடவை துழாவுவார், அப்புறம்தான் ஊற்றுவார்.